தம்பிக்குத் தண்ணி வேணுமாம்

நாலு வயது முடிந்த பிறகும் நான் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் வரவில்லை என்பதுதான் உண்மை. எனக்காகப் பேச அக்கா இருந்தாள். தின்பண்டம் வைக்கும் மாடத்தை நான் பார்த்தாலே போதும், "தம்பிக்கு மாவுருண்டை வேணுமாம்" என்பாள். அதுவும் இரண்டு வேணுமாம். ஒன்று என் கைக்கு வரும், இன்னொன்று வழியிலேயே நின்றுவிடும். அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்கள் காரைக்குடி வீட்டில் அவளை மிஞ்சிய கெட்டிக்காரர் யாரும் கிடையாது.

அறுபதுகளின் நடுவாக்கில் நடந்தது இது. அப்பா தச்சு ஆசாரி. வீட்டு முன்பக்கத்தில்தான் பட்டறை. மரம் கொண்டு வருகிறவர்கள், கதவு செய்யச் சொல்ல வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் என் வாயைத் திறப்பதற்கு ஒரு வழி தெரிந்திருந்தது. வசம்பை உரசி நாக்கில் தடவினார்கள். கோவிலூர் கோயிலில் மணியைக் கழுவிய தண்ணீரை வாங்கிவந்து புகட்டினார்கள். நான் எல்லாவற்றையும் சமர்த்தாக விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் யாரோ என்னைக் காட்டி "ஊமப் பிள்ளை" என்று சொல்லிவிட, அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டாளாம். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவள் போகவில்லை.

கடைசியில் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அக்காவும் வந்தாள், அவள் இல்லாமல் எப்படி? டாக்டர் எனக்குப் பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டினார்; திரும்பிப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன். பிறகு என் பெயர் என்ன என்று கேட்டார். அக்கா சொன்னாள். காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். அதையும் அக்காதான் சொன்னாள், துவையலோடு சேர்த்து. டாக்டர் சிரித்துவிட்டார்.

"காதும் நல்லா இருக்கு, நாக்கும் நல்லா இருக்கு. இந்தப் பாப்பாவக் கொஞ்ச நாளைக்கு எங்கிட்டாவது ஒறவுக்காரக வீட்டுக்கு அனுப்பி வைங்கம்மா. அவன் வாயத் தொறந்து கேக்காம எதையும் எடுத்துக் குடுக்காதீக."

"மருந்து ஏதாச்சும் எழுதிக் குடுப்பீகன்னுல்ல வந்தோம்" என்றாள் அம்மா.

"இதுதாம்மா மருந்து."

கோடை விடுமுறையைச் சாக்காக வைத்து அக்காவை ஆத்தங்குடிச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கையொடிந்த மாதிரி ஆகிவிட்டது. மாடத்தைப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கையை நீட்டினேன், "என்னடா வேணும்?" என்று அம்மா அப்போதுதான் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலக் கேட்டாள். அப்பாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பட்டறையில் மரச்சுருள் குவியலுக்குப் பின்னால் உட்காரவைத்து எனக்கு மாவுருண்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள்.

"நீங்களே இப்பிடிச் செஞ்சா இவன் எப்பப் பேசுவான்? ஊமன்னே பேராகிப் போகட்டும்னு இருக்கீகளா?"

அதோடு அப்பாவின் உதவியும் நின்றது.

தின்பண்டம் இல்லாமல் நான் இருந்துவிடுவேன் என்பது அம்மாவுக்குத் தெரிந்துபோயிற்று. ஒருநாள் தண்ணீர்ப் பானையை எனக்கு எட்டாத மேடையில் தூக்கி வைத்தாள். நல்ல சித்திரை வெயில். தெருவில் ஆடிவிட்டு வந்து பானையைக் காட்டினேன்.

"என்ன வேணும்? சொல்லு சாமி."

அழுதேன். தரையில் புரண்டேன். அவள் முழங்காலில் குத்தினேன். காலையிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்த அம்மா, பானைக்குப் பக்கத்திலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்பா உள்ளே வந்தார். ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, "நீயாச்சும் குடி" என்று அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நீங்க அங்குட்டுப் போங்க" என்றாள். அப்பா செம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு பொல்லாத அம்மா வேறு யாருக்கும் இருக்க மாட்டாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அழுகையும் ஓய்ந்து, தொண்டை வறண்டு, இனி வேறு வழியே இல்லை என்று ஆனபோது வாயைத் திறந்தேன். என் சார்பில் நடந்த பேச்சென்றால் எனக்குத் தெரிந்தது அக்காவின் பேச்சு ஒன்றுதான். அதை அப்படியே, அவள் ராகத்திலேயே சொன்னேன்.

"தம்பிக்குத் தண்ணி வேணுமாம்."

பட்டறையில் மரம் இழைக்கும் இழைப்புளிச் சத்தம் நின்றது. அப்பா ஓடிவந்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி அன்று தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது. விடுமுறை முடிந்து வந்த அக்கா, எல்லாம் தான் சொல்லிக்கொடுத்தது என்று பெருமையடித்துக்கொண்டாள். மாவுருண்டை போன வருத்தத்தை மட்டும் வெளியே காட்டவில்லை.

அன்று நான் கேட்டவுடனே அம்மா, அப்பா வைத்துவிட்டுப் போன அந்தச் செம்பை எடுத்து, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிக்கக் கொடுத்தாள். நான் போதும் என்று முகத்தைத் திருப்பிய பிறகு மிச்சத்தை அண்ணாந்து அவள் குடித்தாள். இன்னொரு செம்பு மொண்டாள். அதையும் ஒரே மூச்சில் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்து ரவிக்கை நனைந்தது. மறுபடியும் மொண்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழுது புரண்டு வாயைத் திறந்து கேட்டது நான். யாரிடமும் எதுவும் கேட்காமலே அம்மாவுக்கு மட்டும் எப்படி இத்தனை செம்பு கிடைக்கிறது என்று வெகுநாள் வரை எனக்கு விளங்கவே இல்லை.