மோட்டார் மேடமும் ரசம் சாதமும்

பீர்க்கன்கரணையில் ஜெயக்கொடிக்கு ‘மோட்டார் மேடம்’ என்று பேர் வந்ததற்கு அவள் அப்பா ஏகநாதன்தான் காரணம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுத்தவள், 1986-இல் ‘மோட்டார் லேர்னிங்’கில் டாக்டர் பட்டம் வாங்கினாள். கைகால் அசைவுகளை மனுஷர் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்கிற படிப்பு அது. ஏகநாதன் காதில் முதல் வார்த்தை மட்டும் விழுந்தது; ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மறுவாரமே பக்கத்துத் தெரு குப்புராஜ், புகைந்து நின்றுபோன தண்ணி மோட்டாரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அவள் ஆராய்ச்சி பார்ப்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். மாணவிகளின் கண்ணைக் கட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போடச் சொல்வாள். சிலருக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் ‘நீளம்’, ‘குட்டை’ என்று தப்பைச் சொல்வாள். சிலருக்கு எப்போதாவதுதான் சொல்வாள். மறுநாள் யாருக்கும் எதுவும் சொல்லாமல் போடவிட்டால், அதிகம் சொல்லப்படாதவர்கள்தான் சரியாகப் போட்டார்கள். சொல்லிக்கொண்டே இருந்தால் கை தானாகக் கற்காது என்பது அவள் முடிவு. இந்த முடிவை வருஷக்கணக்காக வகுப்பில் மூச்சுவிடாமல் பேசியே பேராசிரியை ஆனாள்.

1994-இல் ஏகநாதனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. மெல்ல விரல்கள் அசைந்தன. சோறுதான் வாய்வரை வரவில்லை. மனைவி அங்காளம்மாள் ஊட்டினாள். வீட்டுக்குள் வாங்கிக்கொண்டார். ஆனால் தையில் அவர் தம்பி மகள் கல்யாணம். பந்தியில் ஊட்டிவிட்டாலும் மானம் போகும், இடது கையால் தின்றாலும் போகும். “நான் வர்ல” என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜெயக்கொடி அம்மாவைத் தடுத்துவிட்டு, தட்டை அப்பா முன்னால் வைத்தாள். அப்புறம் ஊருக்குத்தான் உபதேசம். “கட்டைவிரலை மடக்குப்பா. இவ்ளோ எடுக்காத. மணிக்கட்டைத் திருப்பு.” ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு லெக்சர். கவளம் மடியில் விழுந்தது.

ஒருநாள் ஏகநாதன் எரிச்சலாக நிமிர்ந்தார். “எம்மா, நீ கொஞ்சம் வாயை மூடிகினா, என் கை அதுபாட்டுக்குப் பழகிக்கும்.”

அவளுக்குச் சுருக்கென்றது. நாலு பேர் முன்னால் தன் ஆராய்ச்சியைத் தானே பொய்யாக்கியவள் மாதிரி வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மார்கழி முடிவதற்குள் சாம்பார் சாதம் வாய்க்குப் போனது. ரசமும் மோரும் மட்டும் விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தன.

கல்யாணப் பந்திக்கு ஏகநாதன் ஒருவழியாக வந்து உட்கார்ந்தார். பக்கத்து இலை ஜெயக்கொடிக்கு. அப்பா இலையில் ரசம் ஊற்றியதும் அது தன் போக்கில் ஓரத்துக்கு ஓடியது. ‘சோத்தை இப்படி ஒதுக்குப்பா’ என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எங்கே சொல்லிவிடுவோமோ என்று பயந்து, ஒரு முழு ஜாங்கிரியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள்.

முதல் கவளம் வேட்டியில் விழுந்தது. எதிர்வரிசையில் யாரோ பார்த்தார்கள். ஏகநாதன் நிதானமாகச் சோற்றை வரப்பு மாதிரி ஒதுக்கினார், பிசைந்தார், எடுத்தார். உள்ளே போனது.

அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. சந்தோஷம்தான், வேறென்ன.

“ஜாங்கிரி துன்னுட்டு எவனாச்சும் அழுவானா?” என்றார் ஏகநாதன். பிறகு பரிமாறுகிற ஆளைப் பார்த்து, அந்த வலது கையையே தூக்கிக் கூப்பிட்டார்.

“தம்பி, மோரு ஊத்து.”