நாற்பது பேர், முப்பத்தைந்து பேருக்குக் காற்று

போன செவ்வாய்க்கிழமை சுங்கை சிப்புட்டில் ஒருவர் என்னைப் பார்த்து, "மனுவத் தள்ளுபடி பண்றது உங்களுக்கு நல்லா வரும், அத எழுதுங்க" என்றார். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த முதல் இலக்கிய விமர்சனம் இதுதான்.

இதே பத்திரிகையில் 'மூன்றாம் நிலாத் தோட்டம்' என்ற விஞ்ஞானத் தொடர் இரண்டு பாகம் வந்தது, நினைவிருக்கிறதா? எழுதியவர் சுப்பையா. தோட்டத்து மருந்தகத்தில் டிரசராக இருந்தவர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, மிச்ச நேரத்தில் நம்மை நிலாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கேயும் லயத்து வரிசை வீடுகள். அங்கேயும் விடியற்காலையில் பெரட்டு — பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணாமல் ஒருவரும் வேலைக்குப் போக முடியாது. ரப்பர் மரத்துக்குப் பதில் காற்று சுரக்கும் மரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் மரங்கள் பட்டுப்போகின்றன. ஊர் திரும்ப ஒரே கப்பல். ஆட்கள் நாற்பது. காற்று முப்பத்தைந்து பேருக்கு. பெரட்டுக் களத்தில் எல்லோரும் நிற்கிறார்கள்... 'தொடரும்' என்று போட்டார். இரண்டு வருடமாகத் தொடரவில்லை.

பத்திரிகை ஆசிரியர் எனக்குப் போன் செய்தார். "சார், வாசகருங்க தொல்லை தாங்கல. சுப்பையா எழுத மாட்டேங்கிறாரு. மூணாம் பாகத்த நீங்க எழுதுங்க."

"அவரு சம்மதம் வேணுமே."

"அதெல்லாம் நீங்க முறைப்படி வாங்கிருவீங்க."

வாங்கினேன். இரண்டு பிரதி, சாட்சிக்கு இடம், எல்லாம் வைத்து அனுப்பினேன். மறு தபாலிலேயே கையெழுத்து வந்துவிட்டது. ஒரு கேள்வி இல்லை, ஒரு நிபந்தனை இல்லை. இப்படிக் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் கலக்கம்தான்.

முதல் அத்தியாயம் எழுதினேன். நில அலுவலகத்தில் தலை நரைத்தவன், நாற்பது பேர் காற்றில்லாமல் நிற்பதை வேடிக்கை பார்ப்பானா? தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியை விட்டுப் பக்கத்து நிலாவின் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுத வைத்தேன். இணைப்பு, பரிந்துரை, முத்திரை. ஒரே வாரத்தில் கூடுதல் காற்றுக்கு அனுமதி. எல்லோரும் கப்பலேறினார்கள். அன்று மதியம் எனக்கு நல்ல தூக்கம்.

ஞாயிறன்று அது வெளிவந்தது. இரண்டு பாராட்டுக் கடிதங்கள். சுப்பையாவிடமிருந்து ஒன்றுமில்லை. அதுதான் குடைந்தது. இன்னொருவர் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்காரர் பேசாமல் நின்று பார்க்கிறார். உட்கார முடியுமா? எழுந்தேன், நடந்தேன், வானொலியைப் போட்டேன், அணைத்தேன். "எங்கியாச்சும் போகணும்னா போய்த் தொலைங்களேன், ஏன் தரைய தேய்க்கிறீங்க?" என்றாள் மனைவி. ஈப்போவில் சுங்கை சிப்புட் பஸ் ஏறிவிட்டேன்.

சுப்பையா இப்போது இருப்பது தாமான் குடியிருப்பில் ஒரு வாடகை வீடு. வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. காத்து கெடைச்சிருச்சு போல."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்லா. அந்தக் காத்துக்கு எங்க போறதுன்னு தெரியாமத்தான் நான் எழுதாம உக்காந்திருக்கேன். நீங்க மனு போராங் ஒண்ணு நெரப்பி ஒரே வாரத்துல வாங்கிட்டீங்க. உங்க ஆபீஸ்ல யாருக்காச்சும் அப்படிக் குடுத்திருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு வாரத்துல ஃபைலே தொறந்திருக்காது."

அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி பார்வதி கோப்பி கொண்டுவந்து வைத்தார். "இருக்கட்டுமேண்ணே. நாப்பது பேரும் மூச்சு விட்டுட்டுப் போகட்டும். கதைதானே."

"நீ சும்மா இரு" என்றார் சுப்பையா. துணியைப் பிழிந்து கைப்பிடியில் போட்டார்.

"எங்க தோட்டத்துல ரப்பர வெட்டிட்டுச் செம்பன போட்டாங்க. அத்தன ஆளு வேணாம்னு ஆயிருச்சு. யாரு ஒடம்புல தெம்பு இருக்கு, யாரு ஒடம்புல இல்லன்னு தொரை என்னத்தான் கேட்டாரு. நான் சொன்னேன். அஞ்சு குடும்பம் லயத்த விட்டுப் போச்சு. மறுநாள் பெரட்டுல அவுங்க பேரு கூப்பிடல. நான் அங்கதான் நின்னேன்."

கோப்பியைக் கீழே வைத்தேன். அவர் விடவில்லை.

"நீங்க வந்து, யாரும் பின்னால நிக்கல, எல்லாரும் ஏறிட்டாங்கன்னு எழுதிட்டீங்க. அப்ப நான் பாத்தது என்ன?"

"அப்படின்னா நீங்களே எழுதுங்க டிரசர்."

"ஒருவாட்டி அஞ்சு பேரச் சொல்லிட்டேன். இன்னொருவாட்டி என் வாயால வராது. அதான் கேட்டதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நீங்க மொதல்ல அந்த மனுவத் தள்ளுபடி பண்ணுங்க."

மீதியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வீடு திரும்பி எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னது சரி, நன்றாகவே வந்தது. தவறுதலாக வழங்கிய அனுமதியைத் திரும்பப் பெற விதியில் இடமிருக்கிறது. 'தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது...' பேனா தானாக ஓடியது. நாற்பது பேரும் கப்பலிலிருந்து இறங்கி மறுபடி களத்தில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு? பணி மூப்பு பார்க்கலாம். குடும்ப அளவு பார்க்கலாம். குலுக்கல் போடலாம். எல்லா முறையும் எனக்கு அத்துப்படி. யார் முடிவெடுத்தது என்று யாரும் கேட்காமல் இருக்கத்தான் நாங்கள் விதிமுறை எழுதுகிறோம். கதையில் அந்த வசதி இல்லை. அத்தியாயத்தின் மேலே பெரிய எழுத்தில் என் பெயர் இருக்கிறது.

மூன்று நாள் அந்தக் களத்தில் நானும் நின்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியில், கப்பலேறாமல் நிற்க, கிராணியை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டேன். ஒரு வாரத்தில் காற்று வரும் என்று நாற்பது பேரை நம்ப வைத்தவன் அவன்தானே? பிரதியைச் சுப்பையாவுக்கு அனுப்பினேன்.

நேற்று சுப்பையா ஒரு மளிகைக்கடையிலிருந்து போன் செய்தார். பின்னால் லாரிச் சத்தம்.

"கிராணி சரிண்ணே. நிக்க வேண்டிய ஆளுதான்."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"பாக்கி நாலு பேரு யாருண்ணே?"