அக்காவோடு பிரமிடு பார்த்த நாள்

முப்பத்திரண்டு வருஷம் நான் கரும்பலகையில் பிரமிடு வரைந்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்தேன். மூன்று முக்கோணம், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே நெளிநெளியாக நைல் நதி. அவ்வளவுதான் எகிப்து. "அடிமைகளைச் சாட்டையால அடிச்சு வேலை வாங்கிக் கட்டினாங்க" என்று சொல்லுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். புத்தகத்தில் படம் இருக்கிறது, பார் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம், குவைத்தில் எஞ்சினியராக இருக்கும் என் மகன் போன் செய்தான்.

"கெய்ரோவுக்கு நாலு நாள் போயிட்டு வரலாம்மா. வரைஞ்சு வரைஞ்சு காட்டுனதை ஒரு தடவை நேர்ல பாரு."

எனக்கும் ஆசைதான். "பெரியம்மா வந்தா வர்றேன்" என்றேன்.

அவனுக்குப் பெரியம்மா என்றால் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் இன்றைக்கும் தன் நிலத்தில் விவசாயம் பார்க்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு நடவுக்குப் போனாள். அவள் உழைப்பில்தான் நான் திருவாரூரில் காலேஜ் படித்தேன், பி.எட். முடித்தேன், வேலைக்குப் போனேன். தன் படிப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் என்றுதான் அவளை நினைத்து வளர்ந்தேன். அவள் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசமாட்டேன். என் பணி ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து இதையெல்லாம் சொல்லி அழுதேன். அக்கா முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எகிப்து விஷயத்தைச் சொன்னதும், "அங்க என்ன இருக்கு?" என்றாள்.

"பிரமிடு இருக்கு. ராஜாவைப் புதைச்ச இடம்."

"சுடுகாடு பாக்கவா பிளேன் ஏறிப் போறது?"

ஆனால் பிளேன் ஏற அவளுக்கு விருப்பம் இருந்தது. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். "உளுந்து தெளிச்சாச்சு. அது பாட்டுக்கு வளரும்." ஆக, மாசி மாதம் கிளம்பினோம்.

கெய்ரோவில் இரண்டாம் நாள்தான் பிரமிடுக்கு என்று வைத்திருந்தோம். அன்று காலையில் மகனுக்கு ஆபீசிலிருந்து அவசர வேலை வந்து, ஓட்டல் அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டான். "காரும் கைடும் நமக்குன்னே தனியா சொல்லி வச்சதும்மா. கூட்டத்தோட ஓடவேண்டியதில்ல. எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிக்கச் சொல்லுங்க" என்று எங்களை அனுப்பி வைத்தான்.

கைடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. தொல்லியல் படித்தவர். நிதானமான இங்கிலீஷ். எனக்குப் புத்தக இங்கிலீஷ் தெரியும்; அவர் சொல்வதைக் கேட்டு அக்காவுக்குச் சொல்வது என் வேலை என்று ஏற்பாடு. டிரைவர் நரைத்த மீசைக்காரர். கார்க் கதவைத் திறந்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, அக்காவைப் பார்த்து "ஹக்கா" என்றார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்காங்குறாரு."

நான் கைடிடம் கேட்டேன். மெக்காவுக்குப் புனிதப் பயணம் போய்வந்த பெண்ணை அப்படிச் சொல்வார்களாம். இப்போது வயதில் மூத்த எந்த அம்மாவையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றார். நான் சொன்னதை அக்கா பாதிதான் காதில் வாங்கினாள். அன்று முழுக்க டிரைவர் கூப்பிடும்போதெல்லாம் "சொல்லுங்க தம்பி" என்று தமிழில் பதில் சொன்னாள். அவருக்கும் அறுபது இருக்கும்.

கெய்ரோவின் நெரிசலைத் தாண்டி, மாடி வீடுகளுக்கு நடுவே திடீரென்று பிரமிடின் உச்சி தெரிந்தது. என் மனதில் பிரமிடு என்றால் வெட்டவெளி மணல். இங்கே வீட்டு மாடியில் துணி காய்கிறது, அதற்குப் பின்னால் அது நிற்கிறது. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "பெருசுதான்" என்றாள்.

கிட்டே போனால், அடிவரிசையில் ஒவ்வொரு கல்லும் என் நெஞ்சு உயரம். குதிரைச் சாணி வாடையும் தூசியும் காற்றில் வந்தன. சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் ஒன்று எங்கள் சேலையைப் பார்த்து ஓடி வந்தது. "இந்தியா, இந்தியா" என்று ஏதோ ஒரு இந்தி நடிகர் பேரைச் சொல்லிச் சிரித்து, அக்காவோடு ஒவ்வொருத்தியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மகன் வாங்கிக் கொடுத்த கேன்வாஸ் ஷூவோடு, நூல் சேலையில், அக்கா எல்லாப் படத்திலும் விறைப்பாக நின்றாள்.

பெரிய பிரமிடுக்குள்ளே போக டிக்கெட் இருந்தது. குனிந்து ஏற வேண்டும் என்று கைடு சொன்னதும் அக்கா மறுத்துவிட்டாள். "குனிஞ்சதெல்லாம் போதும். நீ போயிட்டு வா." நான் மட்டும் போனேன். குறுகிய சரிவுப் பாதையில் முதுகை வளைத்து, வியர்த்து வழிய ஏறினால், மேலே ஒரு வெற்று அறை. மூடி இல்லாத கல்தொட்டி ஒன்று. வேறு ஒன்றுமே இல்லை. அது காலியாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்; நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிட்டேன்.

வெளியே வந்தபோது அக்காவும் கைடும் ஒரு கல்லில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இடது கையில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, வலது கைவிரலால் அதிலிருந்து எதையோ பிரித்துப் பிரித்து மண்ணில் குத்துவதுபோலக் காட்டினாள். கைடு சிரித்தபடியே தன் கையாலும் அதையே செய்து காட்டினார்.

"பாப்பா, இவங்க ஊர்லயும் நாத்து பறிச்சுதான் நடுறாங்க" என்று என்னிடம் சொன்னாள் அக்கா.

எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கைடிடம் கேட்டேன். அவர் ஊர் வடக்கே, நைல் கடலில் கலக்கும் டெல்டாவில் ஒரு கிராமம். அங்கே நெல்தான். சின்ன வயதில் அம்மாவோடு வயலில் இறங்கி நட்டிருக்கிறாராம். "உங்க அக்கா என் கையைப் பிடிச்சு விரலைப் பாத்தாங்க. அப்புறம் தன் விரலைக் காட்டினாங்க. புரிஞ்சுபோச்சு" என்றார்.

பிறகு அக்கா அவரிடம் கேட்கச் சொல்லி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இவ்வளவு கல்லை ஏத்துனவங்க எங்க தங்குனாங்க? யாரு சோறு போட்டா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் எந்தப் பிள்ளையும் இதை என்னிடம் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. கைடிடம் அப்படியே கேட்டேன். அடுத்து ஒட்டகச் சவாரி இடத்துக்குப் போவதாக இருந்தது. "அது வேண்டாம். வாங்க, ஒரு இடம் காட்டுறேன்" என்று காரில் ஏற்றித் தெற்குப் பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு மேடு. சரிவில் வரிசையாகச் சின்னச் சின்ன மண்கட்டுகள், கல்கட்டுகள், குள்ளமான வாசல்கள். மேலே ஏற அனுமதி இல்லை. கீழேயே நின்று பார்த்தோம். பிரமிடு கட்டிய வேலையாட்களைப் புதைத்த இடம் அதுதான் என்றார். ஒரு குதிரை கால் இடறியதால்தான் இந்த இடம் வெளியே தெரிந்ததாம். அதற்குக் கொஞ்சம் தள்ளி அவர்கள் குடியிருந்த ஊர், ரொட்டி சுட்ட அடுப்புகள், அவர்களுக்காக அறுத்த மாடு ஆடுகளின் எலும்புகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன.

"இவங்க அடிமைங்க இல்லையா?" என்றேன்.

"இல்ல மேடம். அடிமைகளை ராஜா பக்கத்துல இப்படி மரியாதையாப் புதைக்கமாட்டாங்க. இவங்க வேலையாட்கள். ரொட்டியும் பீரும் கூலி. கைகால் முறிஞ்சவங்களுக்குக் கட்டுப்போட்டு வைத்தியம் பாத்திருக்காங்க. எலும்பு கூடியிருக்கு."

வகுப்பு வகுப்பாக, வருஷம் வருஷமாக நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்குக் காது சுட்டது. அக்காவுக்கு மொழிபெயர்க்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

எலும்புகளில் முதுகும் முட்டியும் தேய்ந்திருந்தன, பெண்களுக்கும் அப்படித்தான் என்று கைடு சொன்னதை நான் சொன்னபோது, அக்காவின் கை தன்னால் இடுப்புக்குப் போனது. "தேயத்தான் செய்யும்" என்றாள்.

பிறகு கைடு இன்னொன்று சொன்னார். வேலையாட்கள் குழுக் குழுவாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தனக்கு ஒரு பேர் வைத்துக்கொண்டது. ராஜாவின் நண்பர்கள் என்றெல்லாம் பேர். தாங்கள் ஏற்றிய கல்லில், வெளியே தெரியாத உள்பக்கத்தில், அந்தப் பேரைச் செஞ்சாயத்தால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்கா இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். ரொம்ப நேரம் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து, இன்னொரு பழைய பிரமிடு இருக்கும் சக்காராவுக்குப் போகும் வழி வாய்க்கால் ஓரமாகவே போகிறது. பேரீச்சை மரங்கள், எருமைகள், கொக்குகள், மாட்டுக்குப் பச்சைத் தீவனம் அறுக்கும் பெண்கள். வெண்ணாற்றுக் கரையில் போவது போலிருந்தது. டிரைவரும் கைடும் முன்னால் ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டில் அக்கா வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நான் உனக்காக ஸ்கூலை விட்டு நிக்கல பாப்பா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன?"

"ஊரெல்லாம் சொல்லிட்டிருக்க. மேடையில வேற சொன்ன. எனக்கு அன்னிக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னே தெரியல. நான் எப்பவாவது உன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கேனா?"

"அப்ப ஏன் நின்ன?"

"எனக்குப் புடிக்கல. கணக்கு வராது. பெஞ்சுல உக்காந்தா தூக்கம் வரும். அம்மாவோட ஒருநாள் நடவுக்குப் போனேன். அவ்ளோதான், மறுநாள் பையைத் தூக்கல. அப்பா அடிச்சுக்கூடப் பாத்தாரு. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ குட்டி."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"பதினெட்டு வயசுல எங்க நடவு செட்டுக்கு நான்தான் முதல் ஆளு. நான் போடுற வரிசையைப் பாத்துத்தான் மத்தவங்க நடுவாங்க. எங்க செட்டுன்னா கரையில நின்னு வேலை வாங்கறவங்க ஒரு குறை சொல்லமாட்டாங்க, தெரியுமா? கூப்புட வந்தா, 'குடவாசல்காரி செட்டு காலியா இருக்கா'ம்பாங்க. உனக்கு ஃபீஸ் கட்டுனேன், சரி. நல்லாப் படிச்ச, கட்டுனேன். அதுக்காக என்னைப் பாவம் ஆக்கிட்ட."

குரலில் கோபம் இல்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். எவ்வளவு வருஷம் இதைச் சொல்லாமலே வைத்திருந்தாள் என்று கேட்க நினைத்தேன். தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

சக்காராவின் படிப்படியான பிரமிடை இருவருமே ஒழுங்காகப் பார்க்கவில்லை. அதன் நிழலில் உட்கார்ந்து, ஓட்டலிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைச் சாப்பிட்டோம். அவளுடைய செட்டில் யார் யார் இருந்தார்கள், யார் வேகம், யார் கதை சொல்லுவாள், முத்துப்பேட்டைப் பக்கம் நடவுக்குப் போய்ப் பத்து நாள் தங்கியபோது என்ன மீன் சாப்பிட்டார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அறுபது வயதுக்கு மேல் என் அக்காவைப் பற்றி முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஓட்டல் வாசலில் கைடு அக்காவைக் கட்டியணைத்துக்கொண்டார். மகன் ஓடிவந்து, "எப்படி இருந்துச்சு பெரியம்மா?" என்றான். "நல்லா அடுக்கியிருக்காங்க" என்றாள் அக்கா.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் கேட்டு ஆறாம் வகுப்பில் அரை மணி நேரம் வாங்கிக்கொண்டேன். நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் எல்லாம் இப்போது கல்யாணமாகி எங்கெங்கோ இருக்கிறார்கள். இவர்களுக்காவது சொல்லலாமே என்று, ரொட்டி அடுப்பையும் கூடிய எலும்பையும் கல்லில் எழுதிய பேரையும் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருத்தி, "பீருன்னா நெஜமாவே பீரா டீச்சர்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வகுப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது.

அந்தப் பயணத்துக்குப் பிறகுதான் நானும் அக்காவும் சண்டை போட ஆரம்பித்தோம். அதற்கு முன் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. இப்போது நன்றாகப் போடுகிறோம். முட்டிக்கு டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். நான் போனை வைத்துவிடுகிறேன். எகிப்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும் சண்டைதான். அந்தக் கைடு கட்டியிருந்த முக்காடு பச்சை என்கிறாள் அவள். நீலம் என்கிறேன் நான். என் போனில் இருக்கும் படத்தைக் காட்டினால், தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "போட்டோல கலர் மாறிரும்" என்கிறாள்.