அண்ணன் எடுத்த படத்தில் என் பெயர்

தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு யாராவது எதிரே வந்தால் நான் இன்றைக்கும் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். பஸ்ஸில் அப்படி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்வேன். அவர் பாவம், நிஜமாகவே பார்வை மங்கியவராக இருப்பார். இருக்கட்டும், எனக்கென்ன. என் பயம் எனக்கு.

கோட்டுச்சேரியில் நானும் மகளும் ஒரு மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா. எனக்கு மருந்துக்கடையில் வேலை. கேட்டவர்களிடமெல்லாம் என் கணவர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மை அக்காவுக்கு மட்டும் தெரியும். அவன் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நன்றாகத்தான் இருந்தான். அடிக்குத் தப்பி நாங்கள் முதலில் போனது மாயவரம். எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, "சாமான எடுத்து வை, போவலாம்" என்றான். அன்றைக்கு என் மணிக்கட்டு உடைந்த கதையை எழுத எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகு வந்த இடம்தான் கோட்டுச்சேரி. கைபேசி எண்ணை மாற்றினேன். போட்டோ எடுத்துக்கொள்வதை விட்டேன். கல்யாண வீட்டில் வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்தால், பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விடுவேன்.

அக்காவின் தம்பி பிரான்சில் இருக்கிறார். லீவுக்கு வந்திருந்தபோதுதான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் புதுசு புதுசாக எதையாவது மாட்டிக்கொண்டு வருவது எங்கள் பக்கத்தில் வழக்கம், யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. அவர் கடற்கரைக்குப் போனார், சந்தைக்குப் போனார், எங்களோடு மாதா கோயிலுக்கும் வந்தார். என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, கொழம்பு பிரமாதம்" என்று நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னார். நல்ல மனுஷர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

ஒரு சாயங்காலம் அக்கா எங்களைக் கீழே கூப்பிட்டார். தம்பி ஒரு படம் எடுத்து யூடியூபில் போட்டிருக்கிறாராம், டிவியில் பார்க்கலாமாம். முதலில் கடல் வந்தது. கோட்டுச்சேரிமேட்டில் வலை இழுக்கிறவர்கள் வந்தார்கள். எந்தக் கேமராவில் எடுத்தீர்கள் என்று மகள் கேட்டாள். அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியைக் கழற்றி, இதிலேயே கேமரா இருக்கிறது என்று காட்டினார். எடுக்கும்போது அதில் ஒரு சின்ன வெளிச்சம் எரியுமாம். அதன்மேல் அக்காவின் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தார்.

"எடுக்குறது தெரிஞ்சா எல்லாரும் நடிக்கிறாங்க. தெரியாம எடுத்தாத்தான் நெசம் கெடைக்குது," என்றார்.

அதற்குள் திரையில் கோயில் வந்தது, தலையில் முக்காட்டோடு நான் வந்தேன். என் முகம், அடுப்பங்கரை விளக்கில் பார்ப்பதுபோலத் தெளிவாக. அதன்மேல் மைக் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பூசை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் பெயரையும் காரணத்தையும் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். பூசை ஆரம்பிக்கும் முன் அதை மைக்கில் வாசிப்பார்கள். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான். ஆனாலும் மகள் பத்தாவது தேறினால் ஒரு பூசை வைக்கிறேன் என்று மாதாவிடம் வேண்டியிருந்தேன். பெயர் கொடுக்கப் போனபோது அக்காதான், "ஊரு, தெருவெல்லாம் சேத்துச் சொல்லும்மா, ஒன் பேருல இங்க பத்துப் பேரு இருக்காளுவ, மாதாவுக்குக் கொழப்பம் வரும்ல" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே சொன்னேன். புத்தி எங்கே போயிருந்ததோ.

டிவியில் அது அப்படியே ஒலித்தது. என் பெயர், மகள் பெயர், கோட்டுச்சேரி, தெரு, பத்தாவது தேறியதற்கு நன்றி. மகள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இத எடுத்துடுங்க," என்றேன்.

"மொகத்த மறைச்சிடலாம், அது ஒண்ணும் பெரிய வேல இல்ல."

"பேரு?"

அவர் தயங்கினார். அந்தக் குரல்தான் படத்தின் உயிர் என்றார். பிழைக்கப் போன பிள்ளைகள் அங்கே பேரில்லாமல் இருக்கிறார்கள், இங்கே ஒரு தாயின் பெயரை ஊரறிய வாசிக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் படமே எடுத்தேன் என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க எத நெனச்சு எடுத்தீங்களோ, அது ஒங்களோட. அவன் கண்ணுல பட்டா, கடலா பாப்பான்? ஒங்க பாசத்தயா பாப்பான்? அவனுக்கு அது வெலாசம், அண்ணே."

"எவன்?" என்றார் அவர். அக்கா அப்போதுதான் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "பூனைக்கு வெளையாட்டு, எலிக்குச் சீவன் போவுதுடா. எடுடா மொதல்ல," என்று அதட்டினார்.

அவர் வாதாடவில்லை. முகம் சுண்டிப்போய் அங்கேயே கைபேசியை எடுத்துப் படத்தை முழுசாக நீக்கினார். நீக்கியதை என்னிடம் காட்டினார். "மன்னிச்சுக்க தங்கச்சி, எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அக்கா காப்பி போட்டார். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். ரொம்ப இல்லை, எல்லாம் சொந்தக்காரர்கள்தான் என்றவர், என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, அதையும் சொன்னார்.

"வெளியாளு ஒருத்தர்தான் எழுதியிருந்தாரு. நான் சொல்ல வந்தத அவருதான் சரியா புரிஞ்சுக்கிட்டாரு."

அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார், கைபேசியை வாங்கிப் பார்த்தேன். ஆள் படம் இல்லை, ஒரு ரோஜாப்பூ. பெயருக்குப் பதில் ஏதோ எண்கள். 'அந்தப் பிள்ளை பாஸானது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பூசை கேட்டபோது அழுதுவிட்டேன். எந்தக் கோயில் என்று சொன்னால் நானும் வந்து ஒரு மெழுகுவத்தி ஏற்றுவேன்.'

கீழே அண்ணனின் பதில் இருந்தது. கோயில், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எல்லாம் பொறுமையாக எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வாருங்கள், வீட்டில் சாப்பிடலாம் என்று அழைத்துமிருந்தார். அதற்கு அந்த ஆள், 'கண்டிப்பாக' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தான்.

அவன்தானா? தெரியாது. நிஜமாகவே மெழுகுவத்தி ஏற்ற நினைத்த யாரோ ஒரு புண்ணியவானாக இருக்கலாம். அதை இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. மகள் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதன்முறையாக வீட்டுக்குச் சினேகிதிகளைக் கூட்டி வர ஆரம்பித்திருந்தாள். மாடிக்குப் போனதும் நான் சொல்வதற்கு முன்பே புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

கோட்டுச்சேரி, மருந்துக்கடை, மாடி என்று இவ்வளவு தைரியமாக எழுதுகிறேனே என்று உங்களுக்குத் தோன்றும். நாங்கள் இப்போது அங்கே இல்லை.