திருப்பி எடுக்கப்போன மெஷின்

அன்று பின்னேரம் அனீஸா யாழ்ப்பாணக் கரையோரக் குருநகருக்குப் போனது ஒரு மெஷினைத் திருப்பி எடுத்துக்கொண்டு வர. அதற்கான வெறும் பையை ஸ்கூட்டியின் முன்பக்கம் மடித்து வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவளுக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யார் சொல்கிறார்கள்? 'மாஸ்க் மிஸ்' என்றால்தான் நோயாளிகளுக்குத் தெரியும். நித்திரையில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு, மூக்கில் மாஸ்க்கை மாட்டிக் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கிற சீபாப் மெஷினைக் கொடுப்பது டாக்டரின் வேலை. கொடுத்ததை அவர்கள் கழற்றி அலுமாரிக்கு மேலே எறிந்துவிடாமல் பார்ப்பது இவளுடைய வேலை. இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால் டாக்டரே இவளைத்தான் கை காட்டுவார்.

அவளுக்கு இந்த வேலையில் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் அவளுடைய வாப்பா ஹமீத். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பம். அனீஸா பிறந்தது புத்தளத்தில், ஓர் ஓலைக் கொட்டிலில். வாப்பாவின் குறட்டை நாலு கொட்டிலுக்குக் கேட்கும். திடீரென்று நிற்கும். உம்மா எழும்பி ஏதோ ஓதி அவர் நெஞ்சில் ஊதுவா. சின்னப் பிள்ளை அனீஸா விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணுவாள். இரண்டு கையும் முடிந்து மறுபடி தொடங்கும்போதுதான் வாப்பா திணறிக்கொண்டு மூச்சை இழுப்பார். எல்லா வாப்பாமாரும் அப்படித்தான் நித்திரை கொள்வார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு விடியற்காலை அவர் எழும்பவில்லை. அது ஒரு வருத்தம், வைத்தியம் உள்ள நோய் என்று அவள் அறிந்தது இந்த வேலைக்குப் படிக்க வந்த பிறகுதான். அன்று வகுப்பென்றும் பாராமல் அழுதாள்.

குருநகரில் அந்த மெஷினை வாங்கியிருந்த மீனவர் சிமியோன் அதை வாசலிலேயே எடுத்து வைத்திருந்தார். பெரிய உடம்பு, சிவந்த கண். இரண்டு மாதத்துக்கு முன் படகின் எஞ்சினைப் பிடித்தபடியே நித்திரையாகி, வலைக்கு நட்டிருந்த கம்புகளுக்குள் படகை ஏற்றிவிட்டார். கூடப் போன கனிசியஸ் தண்ணீருக்குள் விழுந்து உயிர் தப்பினான். ஒரு மாதமாவது ஒழுங்காக மாஸ்க் போட்டுப் படுத்தாலொழியக் கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் போனால் சிமியோனுக்குக் கடலும் போனது மாதிரித்தான். ஆனால் பாவிக்காத மெஷினை அங்கே விட்டு வைக்கவும் முடியாது. காத்திருக்கிறவர்கள் பதினொரு பேர்.

"கொண்டுபோங்கோ மிஸ். உது கண்ணுக்கை காத்தை அடிக்குது. மனிசன் புயலுக்கை படுக்கேலுமோ?"

அனீஸா மெஷினின் கணக்கைத் தட்டிப் பார்த்தாள். முப்பத்தெட்டு நாளில் முப்பத்தைந்து நாள் காற்று ஒழுகியிருக்கிறது; ஒரு மணித்தியாலத்துக்குள் கழற்றியிருக்கிறார். நடுவில் மூன்று நாள் மட்டும் ஏழு ஏழு மணித்தியாலம், ஒழுக்கே இல்லை.

"உந்த மூண்டு நாளும் என்ன அண்ணை நடந்தது?"

சிமியோன் யோசித்தார். "இவ மன்னாருக்குத் தமக்கை வீட்டை போயிருந்தவ."

"அப்ப நான்தானோ உங்கடை வருத்தம்?" என்று குசினியிலிருந்து மனைவி சிசிலியா கேட்டாள்.

அனீஸாவுக்குச் சிரிப்பு வந்தது. "ஒருக்காப் போட்டுப் படுத்துக் காட்டுங்கோ அண்ணை. நான் சும்மா பாத்துக்கொண்டிருக்கிறன்."

அவர் கட்டிலில் சாய்ந்ததுதான் தாமதம், சிசிலியா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அந்தோனியாரின் சுருவச் சிலையின் காலடியில் இருந்த சிறு போத்தலைத் திறந்து பெருவிரலை நனைத்து, அவர் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு சிலுவை, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று போட்டாள்.

"படுக்கிறதெண்டால் எண்ணெய் போடாமலோ? அந்தோனியார் கோயில் எண்ணெய், பிள்ளை. அண்டைக்குக் கடலிலை இவரை உயிரோடை திருப்பித் தந்தவர் அவர்."

அதற்கு மேல் மாஸ்க் ஏறியது. இரண்டு நிமிடம் போகவில்லை, அதன் ரப்பர் விளிம்பு எண்ணெயில் வழுக்கிக் காற்று உஸ்ஸென்று கண்ணுக்குள் அடித்தது. பட்டியில் பிழை, அளவில் பிழை என்று கிளினிக்கில் இரண்டு மாஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் போத்தலைக் கண்டவர் ஒருவருமில்லை. புருஷன் சாகக்கூடாது என்று ஒருத்தி நாள் தவறாமல் செய்த காரியமே அவரைக் கொல்லப் பார்த்திருக்கிறது! அதை அவளிடம் எப்படிச் சொல்வது? எண்ணெயை நிறுத்தச் சொல்ல அனீஸாவுக்கு மனம் வரவில்லை. உம்மா ஊதிய இடம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"அக்கா, ரப்பர் எண்ணெயிலை வழுக்குது. முகத்தைக் கழுவிவிட்டிட்டு சிலுவையை நெஞ்சிலை போடுவமோ? மூச்சு இருக்கிற இடம் அதுதானே."

சிசிலியா மாஸ்க்கைக் கழற்றிப் போத்தலோடு பக்கத்தில் வைத்தாள். பிறகு தானே சவுக்காரம் போட்டு அவர் முகத்தைக் கழுவித் துடைத்து, சேர்ட் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் சிலுவை போட்டாள்.

அனீஸா துடைத்த மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட, சிமியோன் ஐந்து நிமிடத்தில் நித்திரையானார். வீடு அமைதியாகிவிட்டது. குசினிப் பக்கம் திரும்பிய சிசிலியா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பிள்ளை! குறட்டைச் சத்தத்தைக் காணேல்லை! இவருக்கு என்ன?"

அனீஸா அவள் கையைப் பிடித்து அந்த எண்ணெய்ச் சிலுவையின் மேல் வைத்தாள். நெஞ்சு ஏறியது, இறங்கியது, ஏறியது.

"இருபத்தாறு வருசம்..." சிசிலியா கையை எடுக்காமலே சொன்னாள். "இவர் இப்பிடி மூச்சு விடுவாரெண்டு எனக்குத் தெரியாது, பிள்ளை."

மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் அனீஸா வெறும் பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பேரை இப்படிப் பார்த்தவள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு மெய் சிலிர்க்கும். ஒரு மனிதன் தடையில்லாமல் மூச்சு விடுவதைவிடப் பெரிய அதிசயம் ஒன்றை அவள் இன்னும் காணவில்லை. பழக்கதோஷத்தில் அவளுடைய கைவிரல்கள் எண்ணுவதற்குத் தயாராகக் காத்திருந்தன.

வெகுநேரம் இருந்தாள். ஒரு விரலைக்கூட மடக்க வேண்டி வரவில்லை.