கோப்பி ஊற்றிய தண்ணீர்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

குணசீலன் போய்விட்டான். முந்தாநாள் காலை, கிள்ளான் வீட்டில்... மாரடைப்பு. நேற்று தகனம் முடிந்தது.

எங்கள் டைரக்டரின் இரங்கல் போஸ்ட்டைப் பார்த்திருப்பீர்கள். "பசுமைப் புத்தாக்கத்தின் தூண்" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தூணைப் பந்திங் ஊரில் இருக்கும் பழைய சாமான் ஸ்டோருக்கு மாற்றித் தூக்கிப் போட்டதே அவர்தான்.

குணாவும் நானும் ஒரே அரசு ஏஜென்சியில் இன்ஜினியர்கள். ஆறு, வடிகால், குப்பை... இவற்றுக்குப் புதுக் கருவி கண்டுபிடிப்பவர்களுக்குப் போட்டி வைத்து மானியம் கொடுப்பது எங்கள் பிரிவு.

ஒவ்வொரு போட்டிக்கும் குணா கிள்ளான் ஆற்றுத் தண்ணீரை டிரம்மில் மொண்டு தன் காரிலேயே கொண்டு வருவான். கருவிகளை அதில்தான் சோதிக்க வேண்டும் என்பான். கார் ஒரு வாரம் நாறும். மனைவி ஏற மாட்டார்.

ஒரு வருடம் பெரிய விஐபி வருவதாக இருந்தது.

"குணா, ஹாலே நாறுது. பைப் தண்ணி போதும் லா. கலருக்குக் கொஞ்சம் கோப்பி ஊத்து," என்றார் டைரக்டர். அவரும் நம் தமிழ் ஆள்தான்.

"ஆறுன்னா நாறத்தான் செய்யும் பாஸ். கோப்பின்னா சீனி போட்டுக் குடிச்சிடலாமே?"

எல்லோரும் சிரித்தார்கள், டைரக்டரைத் தவிர. கோப்பியே ஊற்றப்பட்டது.

ஒரு கருவி அந்தக் கோப்பித் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்கியது. முதல் பரிசு. கைதட்டல், போட்டோ.

அதையே பிரிக்பீல்ட்ஸில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் பின்னால் ஓடும் வடிகாலில் மாட்டினோம். எண்ணெய், சோறு, கிழிந்த இலை... ஒரு வாரம் தாங்கவில்லை. சாக்கடை பொங்கிக் கடைகளுக்குள் போனது.

சோதனையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பழியைக் குணா தலையில் கட்டினார்கள். விசாரணையில் நான் எழுந்து கோப்பி விஷயத்தைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன் பிறகு என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை.

குணாவைப் பந்திங்குக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தினமும் மதியம் எனக்குப் போன் பண்ணுவான்.

"என்னடா, தனியாத்தான் சாப்பிடுறியா?"

"வேற யாரு வருவா?"

"இங்கயும் அதான். ஸ்பீக்கர்ல போட்டு வை. சேர்ந்து சாப்பிடுவோம்."

பேசக்கூட மாட்டோம் சில நாள். அவன் தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்கும்...

இன்று கான்டீனில் உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை.

நேற்று அவன் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அங்கிள், அப்பா நெஜமாவே தப்புப் பண்ணாரா? ஆபிஸ்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களாம்."

அதற்குள் டைரக்டர் மலர்வளையத்தோடு வந்துவிட்டார். அவள் போக வேண்டியதாயிற்று.

இல்லைம்மா. அப்பா கடைசி வரை ஆற்றுத் தண்ணீரைத்தான் கேட்டார்.

போய் வா குணா.

இதில் என் பெயரைப் பார்த்தால் "அவனுக்குப் பழைய வயிற்றெரிச்சல்" என்று டைரக்டர் ஒரே வரியில் முடித்துவிடுவார். வயிற்றெரிச்சல் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு என் பக்கம் திரும்ப வேண்டாம்.

யார் எழுதியது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆபிஸில் ஊகித்தால் ஊகிக்கட்டும். பெயர் போடாமலே போஸ்ட் பண்ணுகிறேன்.