அளவுக்கு நின்ற அப்பா

உயிரோடு இருந்தவரை காக்கிச் சட்டையைத் தவிர வேறெதையும் விரும்பிப் போடாத எங்கள் அப்பாவுக்கு, ஸ்டூடியோக்காரர் கோட் போட்டுவிட்டார். டை வேறு!

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கொடுத்தது ஆதார் கார்டு போட்டோ. அதில் யார்தான் நன்றாக இருக்கிறோம், சொல்லுங்கள்? தலையை மட்டும் வெட்டி, யாரோ ஒருத்தர் உடம்பில் ஒட்டி, பின்னால் நீலத் திரை போட்டு, ஃபிரேமும் செய்து கொடுத்தார்.

அம்மா பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“யாருடி இந்த மேனேஜரு?”

சுவரில் மாட்டியாகிவிட்டது. ஆனால் அம்மா அதற்குப் பூ வைக்கவில்லை. விளக்கேற்றும்போதுகூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. வருஷத் திதி நெருங்குகிறது... அதற்குள் ‘இவர்தான்’ என்று அம்மா சொல்கிற மாதிரி ஒரு படம் வேண்டும்.

செல்போனில் இல்லையா என்பீர்கள். இருக்கிறதே, நிறைய! எல்லாவற்றிலும் ஒரு உள்ளங்கை மட்டும். “வேணாம் பாப்பா” என்று கேமராவை மறைக்கிற கை. பெரம்பலூர் முழுக்க ஆட்டோ ஓட்டியவர், ஒரு போட்டோவுக்கு நிற்க மாட்டார்.

ஒரே ஒரு தடவை நின்றாராம். அவர் சொன்னதுதான்.

பல வருஷத்துக்கு முன்னால், ஆராய்ச்சி படிக்கிற ஒரு பெண் வெளியூரிலிருந்து வந்து அப்பாவின் ஆட்டோவில் காரை கிராமத்துப் பக்கம் ஓர் ஓடைக்குப் போனாராம். எந்தக் காலத்திலோ கடலாக இருந்த இடம். சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும். அங்கே ஒரு மண் சரிவை ஒட்டி அப்பாவை நிற்கச் சொன்னாராம். சரிவு எவ்வளவு உயரம் என்று படம் பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமே, அதற்கு ஓர் ஆள் அளவு! அவர் உயரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.

“எம் போட்டோ யுனிவர்சிட்டி புக்குல இருக்கு, தெரியும்ல?” என்பார் அப்பா. சோறு இறங்காது, சொல்லாவிட்டால்.

“ஒசரம் கேட்டாங்களாக்கும்? பொண்ணு குடுக்கப் போறாங்களா?” என்பாள் அம்மா.

“அஞ்சர அடின்னு சொன்னேன்.”

“யாரு, நீங்களா? என்னவுட ஒரு வெரக்கட கம்மி நீங்க!”

உடனே இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பார்கள். நான் நடுவர். எந்தத் தீர்ப்பு சொன்னாலும் ராத்திரி சட்னி கிடைக்காது என்பதால், தீர்ப்பே சொன்னதில்லை.

நான் வேலை பார்ப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், பைண்டிங் கடையில். படிப்பு பத்தாவதோடு நின்றுபோச்சு. ஆனாலும் எத்தனையோ பேருடைய ஆராய்ச்சிக்கு அட்டை போட்ட கை இது. போன வாரம், எம்.ஏ. படிக்கிற சுகன்யா பிரின்ட் எடுக்க வந்தவள், கடை கம்ப்யூட்டரில் ஒரு சைட்டைத் திறந்தாள். ஒரே ஒரு பெட்டி. அதில் ஒரு தடவை தட்டினால் போதும்... பல யுனிவர்சிட்டிகளின் டிஜிட்டல் நூலகங்களில் ஒரே நேரத்தில் தேடுமாம்.

“எங்கப்பாவத் தேடுமா?”

சுகன்யா என் முகத்தைப் பார்த்தாள். “தேடிப் பாப்போம்க்கா.”

‘கலியபெருமாள்’ என்று தட்டினேன். அடேயப்பா! ஒரு கலியபெருமாள் இலக்கணம் எழுதியிருக்கிறார். இன்னொருத்தர் மாட்டு வயிற்றுப் பூச்சி பற்றி. வேறொருத்தர் முந்திரி பற்றி. கல்லங்குறிச்சி கோயில் கலியபெருமாளை வேண்டிப் பெற்று, அவர் பேரையே வைத்த பிள்ளைகளில் இத்தனை டாக்டர்களா? எங்கள் கலியபெருமாளை மட்டும் காணோம்.

“அக்கா, ஒங்கப்பா புக்கு எழுதலையே. பக்கத்துல நின்னாரு, அவ்ளோதான? எங்க நின்னாரு, அத தட்டுங்க.”

சரிதானே! மண் சரிவைத் தேடினால்தானே பக்கத்தில் நிற்கிற ஆள் கிடைப்பார்? நம்மைப் பெற்றவர்களில் பாதிப் பேர் புத்தகத்துக்குள் இப்படித்தான் இருக்கிறார்கள் போல... ஓரமாக, பேர் இல்லாமல்.

காரை, சிப்பி, பாறை என்று சுகன்யா இங்கிலீஷில் தட்டினாள்.

நம்ம பஸ் ஸ்டாண்டில் “அரியலூர் பஸ் எங்க நிக்கும்?” என்று சத்தமாகக் கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். முதலில் சொல்பவருக்கு நிச்சயமாகத் தெரியாது. இந்தத் தேடலும் அப்படித்தான். ஒரு நூலகம் பாய்ந்து வந்து சிப்பிக் காளான் வளர்ப்பு என்றது. இன்னொன்று, ஒரே புத்தகத்தை மூன்று தடவை நீட்டியது. இன்னொன்று ‘பதில் இல்லை’ என்று முறுக்கிக்கொண்டது. ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

“மூடிடவாக்கா?”

“இருடி. அது இன்னும் ஒண்ணும் சொல்லலையே.”

சொன்னது. கடைசியாக.

காரை ஓடை பற்றி ஓர் ஆராய்ச்சிப் புத்தகம். பக்கம் பக்கமாகத் தள்ளினோம். ஒரு கறுப்பு வெள்ளைப் படம். மண் சரிவு. அதை ஒட்டி ஓர் ஆள். தலையில் கட்டிய துண்டின் நிழலில் முகமே தெரியவில்லை. கீழே ஒரு வரி. சுகன்யா படித்துச் சொன்னாள்: ‘அளவுக்காக நிற்பவரின் உயரம் ஐந்தரை அடி.’

அப்பாவா? அஞ்சரை அடியில் ஊருக்குள் எத்தனை பேர் இல்லை? பெரிதாக பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பயமாக இருந்தது. இதையும் ‘யாருடி’ என்று கேட்டுவிட்டால்?

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

“மூஞ்சி தெரியலம்மா...”

“மூஞ்சி எதுக்குடி? காலப் பாரு.”

பார்த்தேன். செருப்புக்கும் குதிகாலுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

“எம்பி நிக்கிறாரு! அஞ்சர அடின்னு அந்தப் பொண்ணுகிட்ட வாய வுட்டுட்டாருல்ல... ஒங்கப்பனேதான்!” அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறொன்றாக மாறியது. நானும் சேர்ந்துகொண்டேன்.

ஆராய்ச்சி செய்த அக்கா, எங்கே இருந்தாலும் கவலைப்படாதீர்கள். உங்கள் அளவில் தப்பில்லை. நீங்கள் படம் எடுத்து முடிக்கிறவரை எங்கப்பா அஞ்சரை அடிதான்.

மேனேஜர் இறங்கிவிட்டார். அந்த இடத்தில் இப்போது ஓடை. அம்மா தன் கையால் பூ வைத்தாள்.

ஆனால் ஆணியை மட்டும் இறக்கி அடிக்கச் சொன்னாள். அப்பாவின் தலை, அவள் தலைக்கு ஒரு விரற்கடை கீழே இருக்க வேண்டுமாம்!